ஏரிக்கரையில் கலையாத கூட்டம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு மாசியிலும் பேனாவை எடுப்பேன். நாலு வரி எழுதுவேன். பிறகு, நாலாம் வகுப்போடு நின்றவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். படிப்பு மட்டும் காரணம் இல்லை. இந்தச் சங்கதியில் எங்களுக்கு எதிராக நின்றவர் என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அவரைப் பற்றி எழுதிவிட்டு அவள் கையால் எப்படிச் சோறு வாங்கித் தின்பது? போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு அவளிடமே கேட்டுவிட்டேன்.

"எழுதுங்க. எங்க அண்ணன் செஞ்சத கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். ஆனா நீங்க என்னமோ பெரிய வீரன் மாதிரி எழுதிக்காதீங்க. அன்னிக்கு ஒங்களுக்கு காலு நடுங்கினத நான் பார்த்தேன்" என்றாள்.

அதற்குமேல் தயங்க வழியில்லை. இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டப் போகிறான், நாடு நம் கைக்கு வரப்போகிறது என்று அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து பூந்தமல்லிச் சந்தை வரை ஒரே பேச்சாக இருக்கிறது. இனி நமக்காக யார் பேசுவது, யார் கையெழுத்துப் போடுவது என்று கட்சிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நாங்கள் யாரையும் எங்களுக்காகப் பேச விடாமல் நாங்களே பேசிய காலம் ஒன்று உண்டு. அதை இந்த நேரத்திலும் சொல்லாமல் போனால், ஏரிக்கரைக் கன்னிமார் என்னைக் கேட்பார்கள்.

எங்கள் ஊர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. ஊருக்கு மேற்கே ஏரி. ஏரிக்கரையின் மேல், மதகுக்கு நேராக, வேப்பமரத்தடியில் ஏழு கல். அவர்கள்தாம் கன்னிமார். அங்கே பூசாரி கிடையாது. கோபுரம், உண்டியல், கதவு எதுவும் கிடையாது. பொங்கல் வைக்கிற நாளில் ஒவ்வொரு வீடும் தன் பானையைத் தானே கொண்டுவந்து, தன் அடுப்பைத் தானே மூட்டி, தானே படைக்கும். ஒரு வீட்டுக்காக இன்னொரு வீடு படைப்பது என்பது அங்கே இல்லை. உடம்பு முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்து உட்கார வைத்திருக்கிறோம்.

ஊர்க்கூட்டமும் அங்கேதான். எந்த மாதம் எந்த வயலுக்குத் தண்ணீர், எத்தனை போகம் வைக்கலாம், கரை எங்கே பலவீனமாக இருக்கிறது, யார் மண் வெட்டிப் போடுவது, எல்லாம் அந்த மரத்தடியில் முடிவாகும். ஏரிப் பாசனத்தில் நிலம் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேச்சு. அடுப்பு எரிகிற வீடு என்றால் போதும். புருஷனை இழந்தவள் தனியாகக் குடித்தனம் நடத்தினாலும் அவளுக்கும் உண்டு.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தின் பேச்சு பிடிக்காதவர், தன் மண்வெட்டியைக் கொண்டுவந்து கன்னிமாருக்கு முன்னால் கரை மண்ணில் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தி, அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். அதை 'நடுவது' என்போம். அந்த மண்வெட்டி அங்கே நிற்கும் வரை கூட்டம் கலையாது. நட்டவர்தான் பிடுங்க வேண்டும். வேறு எவர் கையும் படக்கூடாது. அவரை மிரட்டக்கூடாது, பேசலாம், கேட்கலாம், கெஞ்சலாம். கூட்டம் கலையாத வரை மதகுப் பலகையை ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. பேச்சு முடியாமல் தண்ணீரைத் தொடக்கூடாது என்பது கன்னிமாருக்கு நாங்கள் கொடுத்திருக்கும் வாக்கு.

கேட்பதற்கு அழகாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும் அதன் கஷ்டம். ஒரு தடவை ஒருவர் நட்டுவிட்டு மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். வண்டி கட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்தோம். அவர் கோபமெல்லாம், அவர் வயலுக்குப் போகும் கால்வாயை அவர் தம்பி அடைத்துவிட்டான் என்பதுதான். எல்லோரும் போய்த் தூர் எடுத்தோம், அவர் வந்து பிடுங்கினார். வெயிலில் உட்கார்ந்து பாதிப்பேர் தூங்கிவிழுவார்கள். ஆனாலும், என்னைக் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்று எங்கள் ஏரியைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

பிறகு பஞ்சாயத்து போர்டு வந்தது. வரி கட்டுகிறவர்கள் கூடிக் கையைத் தூக்கி ஒரு பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். என் மைத்துனரைத் தேர்ந்தெடுத்தோம். நானும் கையைத் தூக்கினேன். அவர் கெட்டவர் இல்லை. அதிகாரிகளிடம் கூசாமல் பேசுவார். தெருவுக்கு விளக்குக் கம்பம் கொண்டுவந்தார், குடிதண்ணீர்க் கிணற்றுக்குச் சுவர் எழுப்பினார். விளக்கு ஏற்றிய அன்று நாங்கள் எல்லோரும் அவருக்கு மாலை போட்டோம். மாலை போட்டதுதான் வினையோ என்னவோ, கொஞ்ச நாளில் "போர்டு", "பவர்" என்று பேசத் தொடங்கினார்.

அந்த வருஷம் நல்ல மழை. சம்பா அறுத்த பிறகும் ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. ஊர்க்கூட்டம் கூடி நவரை வைக்கலாம் என்று முடிவு செய்தது. நவரை என்பது தையில் நட்டுச் சித்திரைக்கு முன்னால் அறுக்கிற பயிர். ஏரித் தண்ணீர் கடைசிவரை இருந்தால்தான் பிழைக்கும். முந்தைய வருஷம் காய்ந்துபோனதால் பல வீடுகளில் நெல் குதிர் காலி. விதைக்கு வைத்திருந்த நெல்லைத்தான் நாற்று விட்டோம். அதாவது அந்தப் பயிர் போனால் அடுத்த போகத்துக்கு விதையும் போச்சு.

மாசி பிறந்தது. பயிர் பச்சையாகத் தளதளவென்று, தண்டுக்குள் கதிர் பொதி கட்டி நின்றது. அப்போது தெருவில் தண்டோரா போட்டார்கள். பங்குனி பிறப்பதற்குள் ஏரித் தண்ணீர் முழுவதும் திறந்துவிடப்படும், பட்டணத்துச் செங்கல் சூளைக்காரர் ஏரியில் மண் எடுக்கப் போகிறார், போர்டு பிரசிடெண்டு உத்தரவு என்று.

கையில் இருந்த மாட்டுக் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு மைத்துனர் வீட்டுக்குப் போனேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மச்சான் இது? பயிரு பொதி கட்டிகினு கீது. இப்போ தண்ணிய தொறந்து வுட்டா வைக்கோலு கூட மிஞ்சாதே."

"குந்து மச்சான், மோரு குடி. பூந்தமல்லிக்கு மழைல வண்டி போவ மாட்டேங்குது, ரோடு வேணும், ரோடு வேணும்னு கேட்டது யாரு? நீங்கதானே? ரோடு இன்னா மானத்துலேர்ந்தா வுழும்? சூளைக்காரரு போட்டு தர்றேன்றாரு. அவருக்கு மண்ணு வேணும். ஏரி காஞ்சாதானே மண்ணு?"

"அறுப்பு முடிஞ்சி காயட்டுமே."

"அவரு சூளைக்கு இப்ப வேணும். நான் கையெழுத்து போட்டுட்டேன்."

"ஊர கேட்டீங்களா?"

அவர் சிரித்தார். "ஊர எதுக்கு நான் கேக்கணும்? ஊரே கைய தூக்கி என்ன வெச்சுதே. இனிமே நான்தான் ஊரு. நான் கையெழுத்து போட்டா நீ போட்ட மாதிரி."

"நான் கை தூக்குனது தெருவெளக்குக்கு. ஏரிக்கு இல்ல."

"தூக்கும்போது அத சொன்னியா? தூக்குன கைய பாதில எறக்கறேன்னா எப்படி? சரி, நான் ஒண்ணு கேக்கறேன். திருமுல்லைவாயில் கோயிலுக்கு மாசாமாசம் போறியே, அங்க குருக்கள் ஒனக்காக மந்திரம் சொல்றாரா இல்லியா? 'நானே சொல்றேன்'னு உள்ள பூந்துடுவியா நீ?"

எனக்குச் சட்டென்று வாயில் வந்தது. "அவரு தீபாராதன காட்டுவாரு. கண்ண மூடிகினு வேண்டிக்கறது நான்தானே மச்சான்? எனக்கு பதிலா அவரு வேண்டிக்க முடியுமா? எனக்கு பதிலா ஒபவாசம் இருக்க முடியுமா?"

"வாய் மட்டும் நீளம் ஒனக்கு" என்றார். மோர்ச் சொம்பை எடுத்து உள்ளே போய்விட்டார். நான் மோர் குடிக்கவில்லை.

வரப்பு வழியாகத் திரும்பும்போது அவர் கேட்டதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒருத்தர் போய்ப் பேசிவிட்டு வரட்டும் என்று அனுப்புவது தப்பு இல்லை. எனக்கு நேரம் இல்லாதபோது பக்கத்து வீட்டுக்காரரிடம் சந்தையில் உப்பு வாங்கி வரச் சொல்கிறேன். அவர் உப்பு வாங்கி வரலாம். என் மாட்டை விற்றுவிட்டு வரலாமா? விற்றுவிட்டு, என்னை அனுப்பினவன் நீதானே, ஆகையால் நீயே விற்ற மாதிரி என்று சொல்லலாமா? எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் இது சட்டமாக இருந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அந்த வரப்பிலேயே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலை ஊர்க்கூட்டம். யாரும் தண்டோரா போடவில்லை. யாரும் யாரையும் அழைக்கவும் இல்லை. மரத்தடி நிரம்பி, கரைமேல் நீள உட்கார்ந்தார்கள். பூந்தமல்லிச் சாயபு ஒருவருக்கு எங்கள் ஏரிப் பாசனத்தில் பூந்தோட்டம் இருந்தது. அவரும் குடையோடு வந்துவிட்டார். பேச்சு ஒன்றுதான். அறுப்பு முடியும் வரை மதகைத் திறக்கக்கூடாது. ஒருவருக்கும் மாற்றுப் பேச்சு இல்லை. கற்பூரம் ஏற்றிக் கலைய வேண்டியதுதான் பாக்கி.

அப்போது கரைமேல் என் மைத்துனர் வந்தார். வெள்ளைச் சட்டை, ஜரிகை அங்கவஸ்திரம், தோளில் மண்வெட்டி. அவர் மண்வெட்டி தூக்கி நாங்கள் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

"இன்னா பாக்கறீங்க? நானும் இந்த ஊர்ல ஒரு ஊடுதானே? எங்க ஊட்லயும் அடுப்பு எரியுது" என்றார். ஓங்கி ஒரே கொத்து. கன்னிமாருக்கு முன்னால் மண்வெட்டி நின்றது. "எனக்கு ஒப்பல. இப்ப முடிவு பண்ணுங்க பார்க்கலாம். நீங்க முடிவே பண்ணாத வரைக்கும் போர்டு முடிவுதான் முடிவு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எங்கள் கயிற்றாலேயே எங்களைக் கட்டிவிட்டார். கூட்டத்தில் ஒரே இரைச்சல். "புடுங்கி ஏரில எறிங்கடா" என்றார் ஒருவர். "எறிஞ்சுட்டு யாரு கை வெளங்கும்?" என்றார் இன்னொருவர். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சாயபுதான் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார். "அவர் நட்டது நாயம்தான் பாய். நமக்கு புடிச்சவங்க நட்டா மட்டும் வழக்கமா?" அது உண்மை.

அந்த நேரத்தில் என் மனைவி கஞ்சிக் கலயத்தோடு வந்து நின்றாள். என்ன நடந்தது என்று கேட்டாள். கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாடி சிரிப்பு?" என்றேன். எனக்குக் கோபம்.

"எங்க அண்ணன் பாதி வழக்கத்த மறந்துட்டாரே. மம்பட்டி நிக்கற வரைக்கும் கூட்டம் கலையாது. கூட்டம் கலையற வரைக்கும் மதகு பலகைய யாரும் தொடக்கூடாது. அவரே வந்து மதகுக்கு பூட்டு போட்டுட்டு போயிருக்காரு. நீங்க ஏன் எழுந்துக்கறீங்க? குந்துங்க எல்லாரும்!"

கரை முழுவதும் சிரிப்பு. சிரித்துச் சிரித்துச் சாயபுவின் குடை உருண்டு ஏரிக்குள் போய்விட்டது.

உட்கார்ந்தோம். கூட்டம் கலையவில்லை. பயிருக்கு வேண்டிய தண்ணீர் மட்டும் போகும்படி பலகை ஏற்கெனவே கொஞ்சம் ஏறியிருந்தது; அதை அப்படியே விட்டோம். வீட்டுக்கு ஒருவராவது எப்போதும் கரையில் இருப்பது என்று ஆயிற்று. ஒருவர் வயலுக்குப் போனால் இன்னொருவர் வந்து உட்காருவார். ஓலைப்பந்தல் போட்டோம். ஆடு மாடுகள் கரைக்கு வந்தன. பெண்கள் அங்கேயே அடுப்பு மூட்டினார்கள். ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பந்தலில்தான் பாக்கு வெற்றிலை மாற்றினார்கள். சாயபு வேளை தவறாமல் கரைமேல் துண்டை விரித்துத் தொழுவார். அப்போது நாங்கள் பேச்சைத் தாழ்த்திக்கொள்வோம். வெள்ளிக்கிழமைகளில் நான் கன்னிமாருக்குப் பொங்கல் வைப்பேன். மைத்துனர் வீட்டிலிருந்தே, அவருக்குத் தெரியாமல், மோர் வந்தது. முன்பு மறுத்த மோரை இப்போது குடித்தேன்.

ஒரு காலையில் மைத்துனர் சூளைக்காரரோடும் அவருடைய ஆட்களோடும் வந்தார். நேராக மதகடிக்குப் போனார். மதகு திறந்து மூடும் வேலை தலைமுறையாகச் சேரியைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு. அப்போது இருந்தவருக்கு என் வயது இருக்கும். "பலகைய ஏத்துடா" என்றார் மைத்துனர்.

மதகுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "கூட்டம் கலையலயே சாமி. கலையட்டும், ஏத்தறேன்."

"கூட்டத்த பத்தி ஒனக்கு இன்னாடா? அதுல ஒனக்கு பேச்சே கெடையாதே!"

மதகுக்காரர் மைத்துனரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "பிரசிடெண்டு சொல்றது மெய்தானே. ஒங்களுக்கு பதிலா அவரு பேசிட்டாருன்னு ஒங்களுக்கு இத்தினி கோவம் வர்து. எங்க சேரிக்கு பதிலா காலங்காலமா நீங்க பேசறீங்களே, எங்களுக்கு இன்னா வரணும்?"

என் கால் நடுங்கியதாக மனைவி சொன்னாளே, அது அப்போதுதான். சூளைக்காரரின் ஆட்கள் கையில் கடப்பாரை இருந்தது, அதற்கு நடுங்கவில்லை. இந்த மனிதர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, அதற்குத்தான். சேரியில் யாருக்கும் நிலம் கிடையாது. ஆகையால் கூட்டத்தில் இடமும் கிடையாது. கரைக்குக் கீழே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதை ஒரு குறையாக நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை.

பலகை ஏறவில்லை. சூளைக்காரரின் ஆட்கள் தாங்களே ஏற்றப் பார்த்தார்கள். பெண்கள் போய்ப் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். என் மனைவி நடுவில். "அண்ணாத்தே, என்ன தூக்கி எறியச் சொல்லு, எறியட்டும்" என்றாள். மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை மதகுக்காரர் தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைமேல் வந்தார். நடவில்லை, நடலாமா என்று கேட்டார். சில வீட்டுக்காரர்கள் எழுந்து, கூடவே கூடாது, நிலமுள்ள வீட்டுக்குத்தான் கூட்டம் என்று கத்தினார்கள். அவர்கள் மைத்துனருடையதற்குப் பக்கத்தில் தங்கள் மண்வெட்டிகளை நட்டார்கள். கன்னிமாருக்கு முன்னால் இப்போது ஒரு வேலி மாதிரி மண்வெட்டிகள்.

பல நாள் அதே பேச்சு. எனக்குத் தெரிந்ததை நானும் சொன்னேன். "இந்த கரைக்கு வருஷா வருஷம் மண்ணு சுமந்து கொட்டறது யாரு? போன பொயல்ல ஒடப்பு அடைச்சப்ப கழுத்து தண்ணில நின்னது யாரு? நாம நடறது பட்டாவையா, மம்பட்டியையா? மம்பட்டி புடிக்கறவனுக்குத்தான் பேச்சுன்னா, அவங்க நமக்கு முன்னாடியே வரணும்." என் பேச்சால்தான் மாறினார்கள் என்று சொல்ல மாட்டேன். புருஷனை இழந்த ஒரு அம்மாள், "எனக்கு எடம் குடுத்தப்பவும் இப்படித்தான் எங்க மாமனாரு காலத்துல கத்துனாங்களாம்" என்றாள். ஒருவர் மனம் மாறிப் பிடுங்கினார். இன்னொருவர், "அறுப்புக்கு ஆளு வரலேன்னா இன்னா பண்றது" என்று கணக்குப் போட்டுப் பிடுங்கினார். கடைசியாகப் பிடுங்கினவருக்கு மனசு ஒப்பவே இல்லை; "தனியா நிக்க தெம்பில்ல" என்று வெளிப்படையாகச் சொன்னார். சேரி வீடுகள் கரைமேல் வந்து உட்கார்ந்தன. எல்லோரும் ஒரே பானையில் தண்ணீர் குடித்தோம் என்று நான் பொய் எழுத மாட்டேன். பானை வேறாகத்தான் இருந்தது. இன்னும் இருக்கிறது. ஆனால் பேச்சில் அன்றைக்கு வந்த இடத்தை அவர்கள் பிறகு விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

கதிர் வெளியே வந்து பால் பிடிக்கும் நேரத்தில் மேலதிகாரி ஒருவர் வந்தார். தொப்பி, கால்சட்டை, பின்னால் தோளில் டவாலிப் பட்டை போட்ட சேவகர். பக்கத்தில் என் மைத்துனர். அதிகாரி தமிழர்தான். கரைமேல் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்களில் தலைவர் யார்?" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"காது கேட்கவில்லையா? உங்களுக்காகப் பேசுகிறவர் யார்? ரெண்டு பேர் முன்னால் வாருங்கள், போதும்."

"அப்படி யாரும் இல்லீங்க. எல்லாரும் பேசுவோம், கேளுங்க" என்றார் ஒருவர்.

"எல்லோரும் பேசினால் நான் எப்படிக் கேட்பது?"

"குந்திகினு கேளுங்க. எங்களுக்கு அவசரம் இல்ல" என்றாள் புருஷனை இழந்த அந்த அம்மாள்.

அதிகாரி சிவந்து போனார். "இந்தக் கூட்டம் எப்போது கலையும்?"

"அந்த மம்பட்டிய புடுங்கினா கலஞ்சிடும்ங்க."

அப்போது நின்றது ஒன்றே ஒன்று. "அவ்வளவுதானே? பிடுங்கு" என்று சேவகரைப் பார்த்தார். சேவகர் இரண்டு அடி வைத்தார். ஏழு கல்லைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு நின்றுவிட்டார். அவர் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வெள்ளானூர் ஆள் என்று பிறகு தெரிந்தது. "வேணாம் சார். நானும் புள்ளகுட்டிக்காரன்" என்றார்.

"இது யார் நட்டது? நட்டவனைக் கூப்பிடுங்கள்!"

கரையில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கமாகத் திரும்பின. என் மைத்துனர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"நீரா?" என்றார் அதிகாரி. "கூட்டம் கலையவில்லை என்று புகார் கொடுத்ததும் நீர். கலைய விடாமல் வைத்திருப்பதும் நீரா?"

"அது... வழக்கம் சார்."

"பிடுங்கித் தொலையும், போகலாம்."

அவர் பிடுங்கவில்லை. மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிடுங்கினால், ஊர்ப் பேச்சுக்கு நான் ஒப்பினேன் என்று கன்னிமாருக்கு முன்னால் சொன்ன மாதிரி. ஒப்பாமல் பிடுங்கினால் அது பொய்ச் சத்தியம். போர்டையும் சட்டத்தையும் அவர் எங்களுக்கு மேலே வைத்தார். கன்னிமாருக்கு மேலே வைக்க அவரால் முடியவில்லை. அவரும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்தானே. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் பாதி தணிந்துவிட்டது. அதிகாரி எங்கள் எல்லோரையும் திட்டினார், இது சட்டவிரோதம் என்றார், மறுபடி வருவேன் என்றார். வருகிறவரை உட்கார்ந்திருப்போம் என்றோம். அவர் வரவில்லை.

பங்குனி முடிவில் அறுத்தோம். ஊரும் சேரியும் ஒன்றாக இறங்கி அறுத்தன. கடைசி வயல் அறுத்த அன்று சாயங்காலம் என் மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. மறுநாள் காலை அவர் கரைக்கு வந்தார். அங்கவஸ்திரம் இல்லை.

"நான் புடுங்கினா என்னை இன்னா பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். குந்து நைனா. ஒனக்கு ஏன் ஒப்பல, அத சொல்லு. அத நீ இன்னும் சொல்லவேயில்ல" என்றார் மதகுக்காரர்.

மதகுக்காரர் பிரசிடெண்டை உட்காரச் சொன்னதும், நீ என்று பேசியதும் எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. மைத்துனர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். மழையில் வண்டி சேற்றில் சிக்கி, பிரசவத்துக்குப் போன ஒரு பெண் பாதி வழியில் உயிரை விட்டதைச் சொன்னார். அவர் சொந்த மருமகள். அந்தச் சாவு எங்களுக்குத் தெரியும்; ரோடு போடாமல் சாகக்கூடாது என்று அன்றைக்கே சபதம் செய்திருந்தாராம், அது தெரியாது. "கேட்டா இழுத்துகினே போவீங்க. அதான் கேக்கல" என்றார். நாங்களும் கேட்டதில்லை. அவர் பிரசிடெண்டு, அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தோம்.

அன்றைக்குப் பேசி முடிவானது இதுதான். தண்ணீர் தானாக வற்றிய பிறகு, கரையை ஒட்டாமல், மேடு தட்டிய இடத்தில் மட்டும் மண் எடுக்கலாம். எவ்வளவு, எங்கே என்று ஊரும் சேரியும் நின்று காட்டும். அதற்குச் சம்மதம் என்றால் சூளைக்காரர் ரோடு போடட்டும். இல்லையென்றால் நாங்களே மண் சுமந்து போடுவோம். மைத்துனர் எழுந்து மண்வெட்டியைப் பிடுங்கினார். நாளாகிவிட்டதால் அது லேசில் வரவில்லை. கற்பூரம் ஏற்றினோம். கூட்டம் கலைந்தது.

சூளைக்காரர் வேறு ஏரி பார்த்துக்கொண்டு போய்விட்டார். ரோட்டை நாங்களே போட்டோம், சுமாராகத்தான் இருக்கிறது. அந்த வருஷத்து மழைக்கு வண்டி போயிற்று. போர்டு இன்னும் இருக்கிறது, இப்போது வேறு பிரசிடெண்டு. ஏரி போர்டுக்குச் சொந்தமா, ஊருக்குச் சொந்தமா என்று தாலுகா கச்சேரியில் எழுதிவைத்திருப்பது எங்களுக்குச் சாதகமாக இல்லை என்கிறார்கள். இருக்கட்டும். நாளைக்கு வெள்ளைக்காரன் போய் நம்மவரே வந்து, நான்தான் ஊரு, நான் போட்டது நீ போட்ட கையெழுத்து என்று சொன்னாலும், எங்கள் பதில் மாறாது. விளக்குக் கம்பத்துக்கு ஆள் அனுப்புவோம். ஏரிக்கு நாங்களே வருவோம். அவசரம் என்று விரட்டினால் கரைமேல் உட்காருவோம்.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதைப் பிறத்தியாருக்குச் சொல்லுங்கள், படித்துக் காட்டுங்கள், எழுதியும் கொடுங்கள். ஆனால் இருக்கிறபடியே கொடுங்கள். இப்போதே சந்தையில் இதை ஒருவர் சொல்லக் கேட்டேன். அதில் ஒரு தலைவர் முன்னால் நின்று அதிகாரியிடம் வீரமாகப் பேசுகிறார். அப்படி ஒருவர் அங்கே இல்லை. நானும் இல்லை. என் மைத்துனரை ராட்சசனாக்காதீர்கள். அவர் மருமகளை விட்டுவிடாதீர்கள். வேறாக வைத்த பானையையும் மறைக்காதீர்கள், மதகுக்காரர் எங்களைக் கேட்ட கேள்வியையும் மறைக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊர் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை.